ஒன்பதிலிருந்து ஒன்பதேமுக்கால் வரை

அடுப்பு எனக்கு
ஒன்பதிலிருந்து ஒன்பதேமுக்கால் வரை.
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய அட்டவணை அப்படித்தான் சொல்கிறது.
அதன் பிறகு வஞ்சிருவின் நேரம்.
அவள் மாவு கிண்டும்போது
யாரும் குறுக்கே போகக் கூடாது.

இன்றைக்கு என் நாற்பத்தைந்து நிமிடத்தில்
எனக்கென்று சமையல் இல்லை.
வெளியே தேரா முழுக்கக் கொதிக்கிறது,
உள்ளே மரிசெல் மூன்று நாளாய்ப் போர்வைக்குள் நடுங்குகிறாள்.
அவள் தொண்டையில் தொடங்கும் இருமல்
என் தலையணையில்தான் முடிகிறது.
எங்களுக்கு நடுவில் இருப்பது சுவர் இல்லை,
அரை அங்குல ப்ளைவுட்.
அவள் பக்கம் மாதா படம்,
என் பக்கம் சீருடை தொங்கும் ஆணி.

நேற்று ரசம் வைத்துக் கொடுத்தேன்.
ஒரு மடக்கு. கண்ணெல்லாம் நீர்.
"இது மருந்தா, தண்டனையா?"
அவளுக்கு வேண்டியது வெள்ளையாக ஒன்று,
பாலில் வெந்த கோழி, அதில் நூடுல்ஸ், மேலே சீஸ்.
பாலும் கோழியும் சேர்ந்தால்
உடம்பெல்லாம் வெள்ளை பூக்கும் என்று
சொல்லி வளர்க்கப்பட்டவள் நான்.

கடையில் எனக்கு ஏழாம் கல்லா.
காலாவதிக்கு ஒரு நாள் மிச்சமிருந்தால்
மஞ்சள் ஸ்டிக்கர், பாதி விலை.
அப்படி வந்ததுதான் க்ரீம்.
சீஸும் அப்படித்தான், நீலத் தகர டப்பாவில்,
திறந்தால் துணிசோப்பு மாதிரி வழவழவென்று.
கோழி மட்டும் முழு விலை.

பலகை பேசுகிறது:
"முதலில் வெண்ணெய். வெங்காயம் சிவக்கக் கூடாது."
சிவக்காமல் வதக்கிப் பழகாத கை இது.
தீயைக் குறைக்கிறேன், இன்னும் குறைக்கிறேன்,
வெங்காயம் கண்ணாடியாகி
என்ன செய்வதென்று தெரியாமல் கிடக்கிறது.
"மைதா ஒரு ஸ்பூன். கட்டி தட்டாமல்."
அதெல்லாம் வரும்.
"மஞ்சள் போட்டாயா?"
இல்லை.
"போடப் போகிறாயா?"
டப்பாவை மூடித் திரும்ப வைக்கிறேன்.
மூடியின் சத்தம் கேட்டிருக்கும்.

பாலை ஊற்றி, பிய்த்த கோழியைப் போட்டு,
நூடுல்ஸை ஒடிக்கும்போது
வாசலில் யாரோ தட்டினார்கள்.
பதினோரு பெண்கள் ஒன்றாய் மூச்சை நிறுத்தினோம்.
நகராட்சியிலிருந்து வந்தால்
முதலில் பலகைகளைத்தான் எண்ணுவார்கள்.
இருமல்கூட நின்றுவிட்டது.
தண்ணீர் கேன் பையன்.
திரும்பிப் பார்ப்பதற்குள் பால் பொங்கியிருந்தது.
பொங்கினால் நல்லதாம்,
அடுப்பைத் துடைப்பவளுக்கு இல்லை.

"சீஸ் கடைசியில். தீயை அணைத்துவிட்டு."
ஒன்பது முப்பத்தெட்டு. அணைக்கவில்லை நான்.
துருவியதெல்லாம் ஒன்றுகூடி
அடியில் போய் உருண்டையாய் உட்கார்ந்துகொண்டது,
எவ்வளவு கெஞ்சினாலும் வராத பிள்ளை மாதிரி.
வஞ்சிரு தன் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.
எட்டிப் பார்த்தாள்.
அடுப்பை அவளே அணைத்தாள்,
என் கையிலிருந்த கரண்டியை வாங்கி
அவசரமே இல்லாமல் சுற்றினாள்.
அவள் நேரத்தில் ஆறு நிமிடம் போயிற்று.
உருண்டை இளகி, மஞ்சள் நிறம் பரவி,
கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றது சூப்.

கிண்ணத்தில் ஊற்றும்போது
நாலு மிளகை நுணுக்கி,
அடுத்த இருமல் வரும்வரை காத்திருந்து
அந்தச் சத்தத்தில் போட்டேன்.

"எங்கள் ஊர்ச் சூப் இல்லை இது" என்றாள் மரிசெல்.
காலிக் கிண்ணத்தைப் பலகைக்கு மேலாக நீட்டினாள்.
"மிளகு போட்டாயா?"
எந்த மிளகு?

விடியற்காலை ஐந்தரை.
மிச்சமிருந்த சூப்பை
நூடுல்ஸ் இரவோடு இரவாகக் குடித்துத் தீர்த்திருந்தது.
கத்தியால் வெட்டலாம் போல ஒரு கட்டி.
ஃப்ரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே தின்றேன்,
அதே வெளிச்சத்தில் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எதுவும் பூக்கவில்லை.
கீழே கம்பெனி பஸ் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது.