திருப்பிச் சொல்

கடை ஷட்டரை இறக்கி
ஜெராக்ஸ் மெஷின் சூடு ஆறுவதற்குள்
மதுரை ஓடுபாதையில் நிற்கிறேன்.
கீழக்கரை, இரவு பதினொன்றரை.
இடுப்பில் சாரம், தலையில் ஹெட்போன்,
கைக்குள் இரட்டை எஞ்சின்.

ஆட்டத்தோடு இலவசமாய் வந்த கட்டுப்பாட்டாளனுக்கு
ஒரே பல்லவிதான்: ஏறு, சீக்கிரம் ஏறு.
ஏறி முடித்தால், இறங்கு.
உள்ளங்கை போலக் கிடக்கும் எங்கள் கரையில்
எந்த மலைக்குப் பயந்தானோ.

அடுத்து, மனிதர்களே உட்கார்ந்து பேசும் வலையமைப்பு.
பரீட்சை எழுதிச் சேர்ந்தேன்.
ஐரோப்பா முழுக்க ஆள் இருந்தது,
எங்கள் வானத்தில் மட்டும் நாற்காலி காலி.
ஆளில்லாத அலைவரிசையிலும் அறிவிக்க வேண்டும், அது விதி.
பாம்பனுக்கு மேலே, எட்டாயிரம் அடி, தெற்கு நோக்கி,
என்றேன்.
கொசு ஒன்று கேட்டுக்கொண்டது.

மூன்றாவது, மாதச் சந்தா. டாலர்.
பதினான்கு நாள் சும்மா பார்க்கலாம்.
பழைய குரலை அணைக்க மறந்துபோய்
ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு உயரம் சொன்னார்கள்,
இரண்டு மாமியார் உள்ள வீடு மாதிரி.
பேசும் பொத்தானுக்கு ஸ்பேஸ் பாரை வைத்தேன்.
வாய் திறக்கும்போதெல்லாம் கேமரா எம்பிக் குதித்தது.
வலது கண்ட்ரோலுக்கு மாற்றினேன்.
ஃபேன் ஓடினால் மைக்குக்குக் காது கேட்காது,
நிறுத்தினால் எனக்கு மூச்சு முட்டும்.
நிறுத்தினேன்.

'த்ரீ' வராமல் 'ட்ரீ' என்றதற்கு
ஆறாம் வகுப்பில் என்னை பெஞ்சில் ஏற்றினார்
தங்கமாரி சார்.
கையேட்டின் நாலாம் பக்கத்தில் போட்டிருக்கிறது:
விமானி 'ட்ரீ' என்றே சொல்ல வேண்டும்.
பெஞ்சிலேயே நான் தரை விட்டிருந்தேன் சார்.

அதே பக்கத்தில் கீழே,
ஒன்பது என்றால் 'நைனர்'.

முதல் இரவு, இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல்
ஒன் டூ நைனர் என்றபோது
பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல் திரும்பிப் பார்த்தேன்.
நைனா காக்கா ஷார்ஜாவில் சரக்கு முனையத்தில் இருக்கிறான்.
நிஜ விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டி அடுக்குகிறான்.
பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆச்சு.

இந்தக் குரலிடம் 'சரி' என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது.
சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்ல வேண்டும்:
உயரம், திசை, எண்.
ஓர் எண் பிசகினாலும் கோபப்படாது,
மறுபடி முதலிலிருந்து சொல்லும்.

உம்மா மௌத்தான நாற்பதாம் நாள்
காக்கா சொன்னது, வீட்டைக் கிரயம் பண்ணிரலாமா.
நான் கேட்டது, நீ வெளியே போ.
நான் சொன்னது, எனக்குக் கொஞ்சம் நாள் கொடு.
அவன் கேட்டது என்ன என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதிமூன்றாம் நாள் மன்னார் வளைகுடா தாண்டினேன்.
படகுகள் பிடிபடும் அதே கோட்டுக்கு மேலே
கொழும்பைக் கூப்பிடு, இனிய இரவு
என்று கைமாற்றி விட்டது குரல்.
கொழும்பும் வணக்கம் சொன்னது.
உயரம் ட்ரீ ஜீரோ ஜீரோ, திசை ஒன் நைனர் ஜீரோ.
திருப்பிச் சொன்னேன்.
நைனர் வந்த இடத்தில் தொண்டை அடைத்தது.
மறுபடி சொல், என்றது.

விமானத்தை அந்தரத்தில் நிறுத்திவைத்தேன்.
விளையாட்டில் அது முடியும்.
ஃபேனைப் போட்டு, ஃபோனை எடுத்து,
வலது கண்ட்ரோல் இல்லாத வெறும் கட்டைவிரலால்
குரல் பதிவை அழுத்திப் பிடித்தேன்.
'காக்கா, நீ அன்னைக்குச் சொன்னதைத்
திருப்பிச் சொல்றேன். தப்பா இருந்தா திருத்து.'

ஒற்றை டிக்.
அங்கே ஷிஃப்ட் நேரமாக இருக்கும்.

நாளையோடு இலவசம் முடிகிறது,
அட்டை எண் போடு என்கிறது திரை.
என்னிடம் இருப்பது ரூபே.
விமானம் இன்னும்
கடலுக்கு மேலே அசையாமல் நிற்கிறது,
விளக்கு எல்லாம் எரிய.