சமபங்கு

பெர்கனில் மூன்றாம் நாளாக மழை.
மீன் ஆலையில் இரவுப்பணி முடித்து வந்த சுன்னிவா
காலுறையைக்கூடக் கழற்றாமல்
கி.பி. 1124க்குப் போகிறாள்.

அங்கே அவள் பெயர் கேதில்.
ஐம்பத்தொரு வயது, மூட்டுவலி, பேராசை,
மூன்று மகன்கள்.
ஒரு மகன் என்றால் நாடு.
மூன்று மகன்கள் என்றால் மூன்று துண்டு.
வரைபடம் அதை இப்போதே
மூன்று நிறத்தில் பூசிக் காட்டுகிறது,
உயிரோடு நிற்கும் பன்றியின்மேல்
கசாப்புக்காரன் கரிக்கோடு இழுப்பதுபோல.

சட்டத்தை மாற்றலாம்: மூத்தவனுக்கே முழுதும்.
விலை எண்ணூறு கௌரவப் புள்ளி.
கையிருப்பு அறுநூற்றுப் பன்னிரண்டு.
பிரபுக்களும் சம்மதிக்க வேண்டும், அவர்களோ
விருந்தில் தின்றுவிட்டு வேட்டையில் முறைக்கிறார்கள்.

ஆகவே குறுக்குவழி.
நடுவன் பிரின்யுல்ஃபை மடத்தில் சேர்த்தாள்.
தலை மழித்தவனுக்கு ஏது முடி?
கடைக்குட்டி ஆஸ்முண்ட், வயது பதினேழு.
நூறு பேரோடு ஆயிரம் பேருக்கு எதிரே அனுப்பினாள்.
வென்று வந்தான்.
மறுபடி அனுப்பினாள்.
மறுபடி வென்று வந்தான்.
அவன் முகத்துக்கு அடியில் பச்சை எழுத்து:
தந்தைமேல் அன்பு, கூட்டல் இருபது.

நிறுத்திவிட்டு எழுந்தாள்.

குளிர்பெட்டிக் கதவில், காந்தத்துக்குக் கீழே,
ஒன்பது நாளாக அண்ணன் எய்லிவின் கடிதம்.
பண்ணை, பதினான்கு பசு, மலைமேல் மேய்ச்சல்,
எல்லாம் மூத்தவனுக்கு. அந்த ஊர்ப் பழஞ்சட்டம்.
தங்கைக்கு ஒரு தொகை.
தப்பென்று சொல்ல வாய் வரவில்லை;
வெட்டிய நிலம் யாருக்கும் சோறு போடாது,
அதே சட்டத்தைத்தானே அவளும்
எண்ணூறு புள்ளிக்கு வாங்கத் துடிக்கிறாள்.
ஆனாலும் தொகை குறைவு.
டிராக்டரை அவனைவிட நன்றாக ஓட்டுபவள் அவள்.
கையெழுத்துக் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சிலில்,
எந்த வக்கீலும் எழுதாத வரி:
"வைக்கோல் வாரத்துக்கு வருவாய்தானே?"

திரும்பி வந்து தொடர்ந்தாள்.
அறுநூற்று நாற்பதில் கேதில் செத்துப்போனான்,
இரவுச் சாப்பாட்டில், சும்மா.
கண்விழித்தால் அவள் மூத்தவன் தோர்ஸ்டைன்.
வடக்கு முழுக்க வேறு நிறம்.
நேற்றுவரை மகன்,
இன்று பங்காளி.
ஆஸ்முண்டின் முகத்துக்கு அடியில் இப்போது சிவப்பு எழுத்து,
அதன் பக்கத்திலேயே ஒரு பொத்தான்:
உரிமை கோரு.

விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

வெளியேறி, சேமித்ததைத் திறந்து,
வேறு ஆளைத் தேர்ந்தெடுத்தாள்.
மூன்று ஊர், நூறு வீரர், கடனில் ஒரு கோட்டை.
ஆஸ்முண்ட்.

பேனா தேட நேரமாயிற்று.
அண்ணன் எழுதிய தொகையை அடித்து
மேலே தன் தொகையை எழுதினாள், கொஞ்சம் அழுத்தியே.
பென்சில் வரிக்குக் கீழே: "வருவேன்."

ஆட்டத்தை நிறுத்த மறந்திருந்தாள்.
திரையில் ஆண்டுகள் ஓடியிருந்தன.
ஆஸ்முண்டுக்கு மகன் பிறந்திருந்தான்.
மணியோசையோடு
இன்னொருவனும்.