நடுப்பிள்ளை

செவ்வாய்க்கிழமை. பொய்கை மாட்டுச் சந்தை
சாலையைப் பாதி தின்றிருக்கிறது.
எங்கள் வண்டி ஊர்கிறது.
டேஷ்போர்டில் நாலு போன், என் மடியில் லேப்டாப்,
எது எங்கே விழுகிறது, எது எங்கே பிடிக்கிறது என்று
வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள்.
"இன்னா மேடம், எவ்ளோ காட்டுது?"
மைனஸ் தொண்ணூற்றேழு என்கிறேன்.
"மைனஸா? அப்போ கடன்" என்கிறார் முனிரத்தினம்,
ஒரு எருமைக்கு வழி விட்டபடி.

கடன்தான்.
அலைவரிசையை ஏலத்தில் எடுத்த கடன்
இருபது வருடத் தவணையில் ஓடுகிறது.
அதனால்தான் சென்னையில் பதினொன்றாவது மாடியில்
ஒரு எக்செல் தாளின் முன் உட்கார்ந்து
எதை வைத்துக்கொள்வது, எதை அணைப்பது என்று பேசினார்கள்.
எது நல்லது என்று யாரும் கேட்கவில்லை.
எந்தக் கம்பெனிப் பெட்டி ஏற்கனவே கம்பத்தில் ஏறியிருக்கிறது,
ஒரு மெகாஹெர்ட்ஸ் எவ்வளவு சம்பாதிக்கிறது,
பக்கத்துக் கம்பெனிக்காரன் எப்போது மாறுகிறான்,
இவ்வளவுதான்.
நானும் இருந்தேன். சமோசா இருந்தது.

இரண்டாவதை விட்டுவைத்தார்கள்.
பட்டன் போன், கடைகளின் கார்டு மெஷின்,
வயலில் மோட்டார் போடும் சிம் பெட்டி
எல்லாம் அதன் காலைக் கட்டிக்கொண்டிருக்கின்றன.
நாலாவது சம்பாதிக்கும் பிள்ளை.
ஐந்தாவது கடைக்குட்டி; விளம்பரத்தில் வரும்,
கோட்டை வரை ஓடிவந்து
மதிலைக் கண்டதும் அகழியோரம் நின்றுவிடும்.
மூன்றாவதுக்குத்தான் யாருமில்லை.
அதன் இடத்தை நாலாவதின் பேருக்கு எழுதிவைத்தோம்.
போன மாதம், ஒரு ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
வேலூர் முழுக்க அணைத்தது நான்தான்.
திரை கேட்டது: உறுதியா?
என்டர் தட்டினேன். காட்பாடிப் பக்கம் ஒரு ரயில் கூவியது.
வேறொன்றும் கேட்கவில்லை.

சந்தையில் துண்டைப் போட்டு மூடி
இரண்டு தரகர்கள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள்.
இரண்டு விரல், ஒரு அழுத்தம், இல்லை, இன்னொன்று.
பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது.
எங்கள் ஆட்கள் இதற்கு
முந்நூறு பக்கத்தில் விதி எழுதியிருப்பார்கள்;
வருடா வருடம் திருத்தியுமிருப்பார்கள்.

பள்ளிகொண்டாவில் டீ குடிக்கும்போது டிக்கெட்டைத் திறந்தேன்.
பேரணாம்பட்டு, தஸ்லீமா பானு.
வீட்டில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறவர்.
புருஷன் தம்மாமில்.
புகார் ஒரே வரி:
"குரல் வருது, முகம் வரல."
போன் பழையது. மூன்றுக்கு மேல் ஏறாது.
மூடுவதற்கு எனக்குக் கொடுத்திருக்கும் காரணங்களில்
பொருந்துவது: கருவிக் குறை, நெட்வொர்க் சரி.
பொய்யில்லை.
போன மாதம் வரை அந்தக் கருவிக்கு
ஒரு குறையுமில்லை, அவ்வளவுதான்.

ஒடுகத்தூர் சாலையில் மலை குறுக்கே வருகிறது.
ஒவ்வொரு போனாகச் சாகிறது: ஐந்து, பிறகு நாலு.
முனிரத்தினம் வண்டியை ஓரங்கட்டித்
தன் பட்டன் போனில் யாருக்கோ மிஸ்டு கால் கொடுக்கிறார்.
யாருக்கு?
"மோட்டாருக்கு மேடம். அணைக்கட்டுல நம்ம நெலம். கரண்டு வர்ற நேரம்."
மைனஸ் நூற்றாறு.
இரண்டு முறை அடித்துக் கட் ஆகிறது.
"எடுத்துக்கிச்சு" என்கிறார், கியரைப் போட்டபடி.

தஸ்லீமாவின் டிக்கெட்
இன்னும் என் மடியில் திறந்தே இருக்கிறது,
நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முப்பத்தொன்று போயாச்சு.