ஏறும் இடம்

உண்டியலை எறிந்தவன்
விலங்கு போட்ட கையால் மூன்று இடம் காட்டினான்.
மூன்றிலும் செங்குத்துப் பாறை.
"சட்டுன்னு குதிச்சிருங்களேன் சார்" என்றார் ஏட்டு.

குதிக்கலாம்.
குதிக்க எந்தக் கரையும் சரிதான்.
நான் தேடுவது
முதுகில் சிலிண்டரும் இடுப்பில் ஈயமும்
விறைத்த விரலுமாய்த் திரும்புகிறவன்
யார் கையும் பிடிக்காமல் ஏறக்கூடிய கரை.

மேலூர் தாண்டிய கிரானைட் குழி.
பங்குனி வெயில் பாறையில் பொரிகிறது.
தண்ணீரில் பதினைந்தடிக்குக் கீழே
போகாமல் தங்கிவிட்ட மார்கழி.

மண்டபத்துக் கடலில் பழகியவன் நான்.
அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும்
அமாவாசை பௌர்ணமி என்று ஒரு கணக்கு இருந்தது.
இங்கே கள்ளந்திரியில் ஷட்டரைத் தூக்கினால்
கால்வாய் ஏறும்.
நிலாவுக்குப் பதில் ஓர் உதவிப் பொறியாளர்;
ஃபோனை எடுக்கமாட்டார்.
போன ஐப்பசியில் எட்டாம் படியில் இறங்கினேன்.
ஏற வந்தபோது
எட்டாம் படியும் இல்லை, ஏழாம் படியும் இல்லை.

குழிக்கு அந்தத் தொல்லை கிடையாது.
அசையாது.
வாங்கியதைத் தானாகத் தராது, அவ்வளவுதான்.

அமலதாசன் கயிற்றோடு இரண்டு சுற்று வந்து
உதட்டைப் பிதுக்கினான்.
இன்று வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

நூறுநாள் வேலைக்குப் போகிற கூட்டத்திலிருந்து
ஒருத்தி மட்டும் நின்றாள், மம்பட்டியை ஊன்றி.
பொன்னழகு என்று பிறகு தெரிந்தது.
"கெழக்க லாரி எறங்குற பாதை இருக்குல்ல.
கருவ மூடிக் கெடக்கு, வெட்டிப் பாருங்க.
அடியில வலது ஓரமாப் போங்க.
எடது பக்கம் அறுப்புக் கம்பி சுருண்டு கெடக்கும்,
கால இழுத்துரும்."

வெட்டினோம்.
முள் விலக விலக ஒரு சாலை
தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்,
பாதி மலையைச் சுமந்துபோன டயர்த்தடத்தோடு.

நடந்தே இறங்கினேன்.
முழங்கால் வரை பங்குனி. நெஞ்சு வரை பங்குனி.
பிறகு கழுத்தில் கத்தி வைத்தது மாதிரி
அந்த மார்கழி.
விளக்கைப் போட்டேன்.
வலப்பக்கச் சுவரில் வரிசையாய்த் துளைகள்,
வெடி வைக்காமல் விட்டவை.
இடப்பக்கம், சொன்னபடியே, கம்பி.
சாலை முடிகிற இடத்தில்
கரி அப்பிய மூன்று கல்,
கவிழ்ந்த அலுமினியக் கெட்டில்.
உண்டியல் இல்லை.
(மறுநாள் கிடைத்தது. நாலாவது இடத்தில்.)

கயிற்றை இரண்டு முறை இழுத்துவிட்டு
அதே தடத்தில் ஏறி வந்தேன்.
தாடை தந்தியடித்தது.
கூட்டம் போயிருந்தது, அவள் போகவில்லை.

"டீக்கொட்டாய் கெடக்கா?"

அடுப்பு இருக்கிறது என்றேன்.

"அதுக்கு எதுத்தாப்புலதான் கணக்குப்பிள்ள மேச.
ரெண்டு வாரக் கூலி நிக்கிது எனக்கு"
என்றாள்,
மம்பட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு.