உறை

குழாயில் ஊதச் சொன்னேன்.
செவெல்மா சிரித்துவிட்டாள்.
முதல் பைக்குள் பாதி சிரிப்புதான் போயிருக்கும்.

முந்தைய இரவிலிருந்து பட்டினி.
விடிந்ததும் நான் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தது
பாலின் சர்க்கரை மட்டும்.
"மாடில்லாத பாலா?
உலன்பாத்தரில் இதையா குடிக்கிறீர்கள்?"

அரைமணிக்கு ஒரு பை, ஆறு பைகள்.
நடுவில் ஒருமுறை குதிரைகளைக் கறந்துவிட்டு வந்தாள்,
என் தொப்பி காற்றுக்கு ஆகாது என்றாள்.

எந்திரம் சொன்னது:
இந்த உடம்புக்குப் பால் செரிக்காது.
தாய்ப்பால் காலத்தில் திறந்திருந்த கதவு
பல் விழுந்து முளைப்பதற்குள் சாத்திக்கொண்டது.
என்னுடையதும் அப்படித்தான்.

அறுபத்திரண்டு வயது அவளுக்கு.
கோடை முழுக்கப் பாலும் தயிரும் புளித்த அய்ராக்கும்
கல்லாய்க் காய்ந்த ஆரூலும்தான் சாப்பாடு.
"என் வயிற்றுக்கு இதை யாரும் சொல்லவில்லையே."

வாசலுக்குப் பக்கத்தில் தோற்பை தொங்குகிறது.
உள்ளே வருகிறவர் யாரானாலும்
மத்தைப் பிடித்து நாலு குத்து குத்திவிட்டுத்தான்
உட்கார வேண்டும்.
தபால்காரர், கடன் கேட்க வந்த மச்சான்,
மருத்துவத் துறையிலிருந்து நான்.
எங்கள் கைகளிலிருந்தும் ஏதோ உள்ளே போயிருக்கும்.

தூரத்தில் சில கூட்டத்தார்
பாலுக்காக இரத்தத்தையே மாற்றிக்கொண்டார்களாம்.
எத்தனை பஞ்சம், எத்தனை குழந்தை,
யார் மிஞ்சினார்களோ அவர்கள் வழியாக.
நாங்கள் பையைப் பழக்கினோம்.
வயிறு செய்யாததை
வயிற்றுக்கு வெளியே ஒரு வயிறு செய்கிறது.

பனியில் உறையும் உறைந்துபோகும்.
வெயில் வந்தால் எழுந்துகொள்ளும்.
மூன்று வருடம் முன்பு எழவில்லை.
மந்தையில் பாதி செத்த அதே குளிர்காலம்.
செவெல்மா மோட்டார்சைக்கிளில் இரண்டு மலை தாண்டி
பேசாதிருந்த நாத்தனாரிடம் போய் நின்றாள்.
எங்கள் மொழியில் உறைக்கும் முதலுக்கும் ஒரே சொல்.
"பணம் கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டாள்."

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
செரிக்கும். செரிக்காது.
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
ஒரு கிண்ணம் குடித்தேன், இன்னொன்றும்.
நகரத்து வயிறு இரவெல்லாம் கடகடத்தது,
ஆனால் தாங்கியது.

கிளம்பும்போது சோடா பாட்டில் ஒன்றில் உறை ஊற்றி
மாதிரிப் பெட்டிக்குள்,
அவள் மூச்சடைத்த ஆறு பைகளுக்கு நடுவே,
அவளே செருகி வைத்தாள்.
அதற்கு எண்ணும் இல்லை, சீட்டும் இல்லை.

ஆற்றைக் கடக்கும் இடத்தில் ஒருமுறை,
தார்ச்சாலை ஏறியதும் ஒருமுறை
மூடி தானாகத் தெறித்தது.
ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.