பென்குவினின் முதுகுக் கதவு

ஏரிச்சாலை வளைவில்
வாயைப் பிளந்து நிற்கிறது
கொடைக்கானல் நகராட்சியின் சிமென்ட் பென்குவின்.
'என்னைப் பயன்படுத்து' என்று எழுதியிருந்தார்கள் வயிற்றில்.
பெயிண்ட் உதிர்ந்து உதிர்ந்து
இப்போது 'என்னை' மட்டும்.

முதுகில் ஒரு தகரக் கதவு.
காலை ஆறரைக்குக் கொக்கியைத் தூக்கினால்
நேற்றைய சீசன் மொத்தமும் காலில் கொட்டும்:
சோளத்தண்டு, டீக் கப், பாதி ஆம்லெட்,
குதிரைச் சவாரிச் சீட்டு,
ஒருமுறை ஒரு பல்செட்.

பிள்ளைகள் இதற்கு ஊட்டுவார்கள்.
ஊட்டிவிட்டுக் காதை ஒட்டிவைத்துக் கேட்பார்கள்,
மெல்லுகிறதா என்று.
சில நாள் மெல்லும்.
உள்ளே குரங்கு இருக்கும்.

நேற்று விருதுநகர் வேனில் வந்தவள்
எதையும் போடாமல் நின்றாள்.
"ஷிபானா! ஷிபானா!" என்று ஹாரன் அடித்தார்கள்.
மூடுபனியில் அவள் மூக்கும் அதன் அலகும்
சேர்ந்தே ஒழுகின.

இன்று கதவைத் திறந்தால்
கேரட் தோலுக்கு மேலே
ஒரு சிவப்புக் கம்பளிக் குல்லா,
நாடாவால் சுருட்டிக் கட்டி.

மக்கும் குப்பைக்குப் பச்சைக் கூடை.
மக்காத குப்பைக்கு நீலக் கூடை.
இரண்டுக்கும் நடுவே நின்றேன்
அமலோற்பவம் ஆகிய நான்,
பதினோரு வருட சர்வீஸ்.

பிறகு அந்த மொட்டைத் தலையில் மாட்டினேன்.
கொஞ்சம் சின்னது.
இழுத்து, அலகுக்கடியில் முடிச்சும் போட்டேன்.

ஒன்பது மணிக்கு மேஸ்திரி வந்தார்.
"யாரோ குல்லா மாட்டியிருக்காங்களாமே, எங்க?"
மப்ளருக்குள்ளிருந்து கேட்டார்.
நான் ஏரியைப் பார்த்தேன்.
அவர் தலைக்கு மேலே
கரண்ட் கம்பியில் நடந்துபோனது பதில்,
சிவப்பாக,
வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு.