ஒன்பதாம் பக்கம்

தேவகோட்டை சப்-கோர்ட்டில்
மொழிபெயர்ப்பு எனக்கு.
மதுரை பெஞ்ச் திருப்பி அனுப்பிய தீர்ப்பு,
பதினேழு பக்கம், ஆங்கிலம்.
ஒன்பதில் நின்றுபோனேன்:
புங்கவயல் கண்மாய், இரண்டாம் மடை,
சாத்தையாவும் அடைக்கலமும்
'ரைவல்' உரிமைதாரர்கள்.

எதிரிகள் என்று அடித்தேன்.
கிரிமினல் கட்டுக்குப் போய்விடும்.
போட்டியாளர்கள் என்று அடித்தேன்.
கோலப்போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவர்கள் மாதிரி இருந்தது.
அழித்தேன்.

ஜட்ஜ் அறை அகராதி
அட்டை போய் நாடாவால் கட்டியது.
அவிழ்த்தால்
அந்தச் சொல்லுக்கு அடியில் லத்தீன் தண்ணீர்.
ரிவுஸ்: ஓடை.
ரிவாலிஸ்: அதே ஓடையில்
தண்ணீர் எடுக்கிற மற்றவன்.
அவ்வளவுதான்.
வாள் இல்லை, வஞ்சம் இல்லை.
மண்வெட்டி இருந்திருக்கும்.
ரோமாபுரியிலும் எவனோ
நடுச்சாமத்தில் எழுந்துபோய்
வரப்பைக் கொத்திவிட்டிருக்கிறான்.
இல்லாவிட்டால் ஓடை எப்படிப் பகையாகும்?

வழக்குக்கு வயது இருபத்திரண்டு.
முறைத்தண்ணீரில் முதல் நாழிகை யாருக்கு?
கமிஷனர் வரைபடத்தில்
மடை நீல மையில் இருக்கிறது.
ஊரில் அது சீமைக்கருவேலத்துக்குள் இருக்கிறது.
கண்மாய் கடைசியாய்ப் பெருகிய வருஷம்
இருவர் கையிலும் தடையாணை;
தண்ணீர் யாரையும் கேட்காமல்
கலுங்கு வழியாகப் போய்விட்டது.

வாய்தாவுக்கு
ஏழு நாற்பது பஸ்ஸை விட்டால் வேறு கிடையாது.
அடைக்கலத்துக்கு முழங்கால் சரியில்லை.
சாத்தையா முந்தி ஏறி
துண்டு போட்டு இடம் பிடிக்கிறாராம்,
இரண்டு பேருக்கு.
அதற்காகப் பேச்சுவார்த்தை ஒன்றும் இல்லை.
வராந்தாவில் எவர்சில்வர் டிரம்,
சங்கிலி போட்ட ஒற்றை டம்ளர்.
ஒருவர் குடித்துக் கவிழ்க்கும் வரை
மற்றவர் நோட்டரி போர்டைப் படித்துக்கொண்டு நிற்பார்.

நம்மிடமும் ஒரு சொல் இருக்கிறதே,
காய்ச்சலோடு சேர்த்தே சொல்வோமே!
பங்கு உள்ளவன், பங்கு கேட்கிறவன்,
உன் வீட்டு இழவுக்குத் தீட்டுக் காக்கிறவன்,
உன் வீட்டுக் கல்யாணத்தில்
சாம்பாருக்கு உப்பில்லை என்று
பந்தி முழுக்கச் சொல்கிறவன்.
'பங்காளிகள்' என்று அடித்து
அச்செடுத்துக் கொடுத்தேன்.

சிரஸ்தார் உமையாள்
கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"அவுக வேற கோயில், இவுக வேற கோயில்.
எப்படிம்மா பங்காளி ஆவாக?"
சிவப்பு மையில் ஒரு சுழி.

சுழிக்குள் இன்னும் ஒன்றும் அடிக்கவில்லை.
பதினான்காம் தேதி வாய்தா.
மணி ஐந்து.
வெளியே யாரோ
டம்ளரைக் கவிழ்க்கிற சத்தம்,
சங்கிலி இழுபட
இன்னொருவர் அதை எடுக்கிற சத்தம்.